பதினாலாம் தேதிக்குப் படம் இல்லை

அத்தியாயம் 9

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அம்மா, மூன்று மாடி ஏற முடியாமல் இரண்டாவது மாடிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். போன வாரம் அவளோடு நாமும் அங்கேதான் உட்கார்ந்திருந்தோம். பயப்படாதீர்கள், வீட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆனால் வாயெல்லாம் புண். ஒரு மிடறு வெந்நீர் குடித்தாலும் கண்ணில் தண்ணீர் வருகிறது.

மூட்டுவலிக்கு அவள் போடுகிற மாத்திரை வாரத்துக்கு ஒன்றுதான். வெள்ளிக்கிழமை மட்டும். அதை ஏழே நாளில் மூன்று போட்டுவிட்டாள். "இன்னும் ஒண்ணு உள்ள போயிருந்தா எங்க கையில ஒண்ணும் இருந்திருக்காது" என்றார் டாக்டர். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "வீட்டுல தேதி பாக்கறது யாரு?" என்று கேட்டார்.

"கேமராங்க" என்றார் அப்பா. "அதுதான் கெட்டுப்போச்சு."

டாக்டர் அவரைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு விளக்கம். அம்மா இருபத்திரண்டு வருடம் பார்சல் ஆபீஸில் இருந்தவள். பெட்டியை ஒட்டி சீல் வைப்பதற்கு முன்னால் உள்ளே இருப்பதை ஒரு படம் எடுப்பாள். படத்தின் மூலையில் தேதியும் மணியும் ஆரஞ்சு நிறத்தில் விழும். "உடைஞ்சு வந்திருக்கு" என்று யாராவது சண்டைக்கு வந்தால் வாயைத் திறக்க மாட்டாள், படத்தை எடுத்து நீட்டுவாள். படம் இருந்தால் நடந்தது, படம் இல்லையென்றால் நடக்கவில்லை. சீல் மேடம் என்றுதான் ஆபீஸ் முழுக்க அவளுக்குப் பெயர். எல்லோரும் போனில் படம் எடுக்க ஆரம்பித்தபோது ஆபீஸ் தூக்கிப் போட இருந்த கேமராவைத் தனக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஞாபகம் கசிய ஆரம்பித்தபோது அதற்கு வழி கண்டுபிடித்ததும் அவளேதான். அடுப்பை அணைத்தால் ஒரு படம். கதவைப் பூட்டினால் ஒரு படம். மாத்திரை போட்டால் காலியான அட்டையோடு ஒரு படம். மாத்திரை டப்பாவின் மேல் அந்த மாதத்து வெள்ளிக்கிழமைகளை அவள் கையாலேயே எழுதி ஒட்டியிருப்பாள். 5, 12, 19, 26. காலையில் கேமராவைத் திறந்து இன்றைக்கு என்ன தேதி என்று பார்ப்பாள். பன்னிரண்டு என்றிருந்து, பன்னிரண்டில் மாத்திரைப் படம் இல்லையென்றால் ஒன்று போடுவாள். அவ்வளவுதான் ஏற்பாடு. இரண்டு வருடம் ஒரு பிசகும் இல்லாமல் ஓடியது.

மூத்த மகன் பெரியவன் விஷயம் உங்களுக்குத் தெரியும். மூன்று வருடமாக வெளிநாட்டில் இருப்பவன், பதினாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லி, பதின்மூன்றாம் தேதி சாயங்காலம் போன் செய்து "வேலை, முடியலை" என்று கைவிரித்தவன்.

இன்று இருபத்துமூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை. கேமராவில் பதின்மூன்று.

\*

மகள் லேபுக்கு லீவு போட்டுவிட்டு, ஒரு மணி நேரம் பஸ்ஸில் நின்றபடியே வந்து சேர்ந்தாள். அவளுக்குப் பல்செட் செய்யும் வேலை. மெழுகில் ஒவ்வொரு பல்லாக அடுக்க வேண்டும். ஒரு பல் மயிரிழை உயர்ந்து நின்றால் போதும், போட்டுக்கொள்கிற மனிதர் சோற்றைப் பார்த்து அழுவார். அதனால் "பரவாயில்லை, ஓடற வரைக்கும் ஓடட்டும்" என்ற பேச்சே அவளுக்கு ஆகாது.

அப்பாவுக்கு அந்தப் பேச்சில்தான் உயிர். லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தைந்து வருடம் ஊரை ஏற்றி இறக்கியவர், குடியிருப்பது லிஃப்ட் இல்லாத வீட்டில். எதையும் மாற்ற விடமாட்டார், கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டு மறுபடியும் மாட்டுவார். இந்த வீட்டு மிக்ஸிக்கு மகளை விட வயது அதிகம்.

அப்படிப்பட்டவர் அன்றைக்கு விநோதமாகப் பேசினார்.

"ரிப்பேரா, புதுசா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கப்பா. நான் இன்னைக்கே முடிச்சுட்டுப் போறேன்."

"இப்ப என்ன அவசரம்?"

"என்ன அவசரமா? தேதி காட்டத் தெரியாத கேமராவை நம்பி அம்மா விஷத்தை முழுங்கியிருக்கா."

"சரி, புதுசுன்னா அவளுக்குப் பழகாது. போன தடவை பாத்தோமில்ல?"

அது உண்மை. கேமரா பழசாகிவிட்டதே என்று போன மாதம் மகள் ஒரு போனைக் கொடுத்துப் பார்த்தாள். அம்மா அடுப்பைப் படம் எடுக்கப் போய் யாருக்கோ வீடியோ கால் போய்விட்டது. அந்த மனிதர் தலையில் சோப்பு நுரையோடு "யாருங்க? யாருங்க?" என்று கத்த, அம்மா போனைத் துண்டில் சுற்றி அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டாள். அப்புறம் சிநேகிதியிடம் இரவல் வாங்கி வேறொரு கேமரா. அதில் பொத்தான் அரை அங்குலம் தள்ளி இருந்தது. அம்மாவின் விரல் ஒவ்வொரு முறையும் பழைய இடத்தையே அழுத்தியது. ஏழெட்டு முறை அழுத்திவிட்டு, "இதுக்கு என்னைப் பிடிக்கலை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"அப்ப ரிப்பேர்" என்றாள் மகள்.

"திறந்தா திரும்ப மூட முடியாதுடா பாப்பா. அதெல்லாம் நூல் மாதிரி வயர்."

"நீங்களா இப்படிப் பேசறீங்க?"

அப்பா டம்ளரைக் கழுவப் போனார். ஏற்கெனவே கழுவி வைத்த டம்ளர் அது.

சுவரில் காலண்டர் மாட்டியிருந்த இடம் சதுரமாக வெளுத்துக் கிடந்தது. ஆணி பிடுங்கிக்கொண்டது என்றார். பேப்பர் எங்கே என்றால் பேப்பர்காரன் வருவதில்லை என்றார். டி.வி. ஏன் மூடிக் கிடக்கிறது என்றால் சத்தம் அவளுக்கு ஆகவில்லை என்றார். வயதானவர்கள் வீடு, ஒவ்வொன்றாகப் போகிறது என்று மகள் பெருமூச்சு விட்டாளே தவிர, மேலே யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

அம்மா கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சமையலறையிலிருந்து வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு கழுத்து இன்னும் மெலிந்து, பட்டை தோளில் நிற்காமல் நழுவியது.

"இதைக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டிட்டு வரேம்மா. மத்தியானத்துக்குள்ள வந்துடுவேன்."

"சீட்டு?" என்றாள் அம்மா.

சரக்கு வெளியே போனால் சீட்டு போட வேண்டும். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, கேமராவில் தேதியைப் பார்த்து, தன் அழகான கையெழுத்தில் எழுதினாள். 13-ந் தேதி. காலை 10.20. கேமரா ஒன்று. வெளியே. மகளிடம் கையெழுத்து வாங்கினாள்.

தேதி தப்பு என்று சொல்ல மகள் வாயெடுத்தாள். அதிர்ச்சியாக எதையும் சொல்லாதீர்கள் என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. பேசாமல் கையெழுத்துப் போட்டாள்.

"சீக்கிரம் வந்துடு" என்றாள் அம்மா. புண் வாயோடு சிரிக்கவும் செய்தாள். "நாளைக்குப் பெரியவன் வரான். அதுக்குள்ள கேமரா வேணும்."

\*

கேமராக்காரர் கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. நெற்றியில் ஒரு பூதக்கண்ணாடியை மாட்டியபடி உட்கார்ந்திருந்தார். முன்னால் ஐஸ் கட்டித் தட்டு, குழிக்கு ஒரு வகையாகத் திருகாணிகள்.

கேமராவைத் திருப்பிப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார்.

"இதுக்கெல்லாம் இப்ப பார்ட்ஸ் வர்றதில்லை மேடம். உள்ள கடிகாரத்துக்குன்னு குட்டியா ஒரு பேட்டரி இருக்கும். அது செத்துட்டா தேதி நிக்காது. வேற ஒரு செத்த கேமரா தேடி அதுலேர்ந்து எடுத்துப் போடணும். மூணு வாரம் ஆகும். அப்பவும் கேரண்டி கிடையாது. பேசாம புதுசு வாங்கிடுங்க."

"புதுசு அவங்களுக்கு வராது சார். மூணு வாரம் கையில இல்லைன்னா இதையும் மறந்துடுவாங்க."

மகள் அதோடு நிறுத்தவில்லை. அம்மாவைப் பற்றி முழுக்கச் சொன்னாள். முன்பின் தெரியாத ஆளிடம் ஏன் இவ்வளவு சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு கேமராவின் பேட்டரியைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"கொஞ்ச நேரம் இப்படியே கிடக்கட்டும். உள்ள இருக்கற குட்டி பேட்டரி தாங்குதான்னு பாப்போம்."

அரை மணி நேரம் கழித்து பேட்டரியைத் திரும்பப் போட்டார். தேதி அப்படியே நின்றது. பதின்மூன்று. மணியும் ஒரு நிமிடம் பிசகவில்லை.

"கடிகாரம் நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

"அப்புறம் எப்படி சார் பின்னாடி போகுது? இன்னைக்கு இருபத்துமூணு."

அவர் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். அடுப்பு, கதவு, காலித் தட்டு, அடுப்பு, கதவு. ஓரிடத்தில் விரல் நின்றது. பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். பிறகு அதை மெல்ல நெற்றிக்கு ஏற்றிவிட்டு, எப்படிச் சொல்வது என்று யோசிப்பவர் போல ஒரு திருகாணியை எடுத்து உருட்டினார்.

"மேடம், கடிகாரம் செத்த கேமரா எப்பவும் ஒரே தேதிக்குத்தான் போகும். அது எந்த வருஷம் செஞ்சதோ அந்த வருஷம் ஜனவரி ஒண்ணு. பதினொண்ணு, பன்னிரண்டு, பதிமூணுன்னு நம்ம மாசத்துக்குள்ளயே சுத்தி வராது. அது கையால வைக்கற தேதி."

"யார் கையால?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? இன்னொண்ணும் பாருங்க. ஒவ்வொரு படத்துக்கும் கேமரா ஒரு நம்பர் போடும். பதினொண்ணாம் தேதி வரைக்கும் வரிசையா வருது. ஆறாயிரத்து இருநூத்தி நாலு. அதுக்கு அடுத்த படம் ஆறாயிரத்து முன்னூத்தி எழுபத்தேழு. மறுபடியும் பதினொண்ணாம் தேதி. நடுவுல நூத்தி எழுபது படத்துக்கு மேல யாரோ அழிச்சிருக்காங்க. தேதியைப் பின்னாடி வெச்சுட்டு, அதுக்கப்புறம் எடுத்ததையெல்லாம் அழிச்சிருக்காங்க. பொறுமையா உட்கார்ந்து செஞ்ச வேலை."

அம்மாவுக்கு அந்த மெனுவுக்குள் போகவே தெரியாது. வீட்டில் இருப்பது இன்னும் ஒரே ஒரு ஆள். ஒரு மாடியில் லிஃப்ட் நிற்காமல் செய்வது எப்படி என்று தெரிந்த ஆள்.

அழித்த படங்களில் பன்னிரண்டாம் தேதி மாத்திரை அட்டையும் இருந்திருக்கும். அது இல்லாததால்தான், தேதி மறுபடி பன்னிரண்டானபோது அம்மா இரண்டாவது மாத்திரையைப் போட்டாள். அதன் படமும் அழிந்துபோனதால் மூன்றாவது.

மகள் சட்டென்று நிமிர்ந்தாள். தலை மாடிப்படியின் அடியில் இடித்தது. வலி தெரியவில்லை.

"தேதியைச் சரியா வெச்சுக் குடுக்கட்டுமா?" என்று கேட்டார் அவர்.

"வெச்சுடுங்க."

இருபத்துமூன்று என்று வைத்துக் கொடுத்தார். காசு வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"பழுது இருந்தாத்தான மேடம் வாங்கறது?"

\*

அப்பா இரண்டாவது மாடிப் படியில் காத்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு அம்மா உட்கார்ந்த அதே படி.

"என்ன சொன்னான்?"

"பழுது ஒண்ணும் இல்லையாம்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவர் மறுத்துப் பேசுவார், கத்துவார் என்று வழியெல்லாம் பதிலைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். ஒன்றுக்கும் வேலை இல்லாமல் போய்விட்டது.

"எத்தனை தடவைப்பா?"

"மூணு."

"ஏம்ப்பா?"

அவர் கைகளைத் தேய்த்தார். நகக்கண்ணில் எத்தனை வருடம் கழுவினாலும் போகாத கிரீஸ் கறுப்பு.

"பதினாலாம் தேதி காலைல கேமராவைப் பாத்துட்டு நல்ல புடவையைக் கட்டிக்கிட்டு வந்து உட்கார்ந்தா. வண்டி எத்தனை மணிக்குன்னு கேட்டா. முந்தின நாளே சொல்லியாச்சு, அழுதாச்சு. அது போயிடுச்சு. சரின்னு மறுபடி சொன்னேன். புதுசா கேட்ட மாதிரி அழுதா. அழுதுட்டு முகம் கழுவப் போனா. திரும்பி வந்து வண்டி எத்தனை மணிக்குங்கறா."

மகள் கேமராவின் பட்டையை விரலில் சுற்றினாள்.

"மத்தியானத்துக்குள்ள நாலு தடவை சொல்லிட்டேன். நாலு தடவையும் அதே அழுகை. அஞ்சாவது தடவை வாய் வரலைடா எனக்கு. அவ தூங்கினப்போ பதினொண்ணுன்னு வெச்சேன். எழுந்தவகிட்ட இன்னும் மூணு நாள் இருக்குன்னு சொன்னேன். சிரிச்சா. அவனுக்குத் தலகாணி உறை மாத்தணும்னா. மூணு நாள் பாட்டு முணுமுணுத்துக்கிட்டே திரிஞ்சா. அந்த மூணு நாள் முடியப்போகுதுன்னதும் மறுபடி..."

"மாத்திரைப்பா!"

"மாத்திரை எனக்கு ஞாபகத்துலயே இல்லை. சத்தியமா இல்லை. அது அவ டிபார்ட்மெண்ட், யாரையும் தொட விடமாட்டா. ரெண்டு தடவையும் நான் டியூட்டிக்குப் போயிருந்தேன். ஆஸ்பத்திரியில டாக்டர் மூணுன்னு சொன்னப்பதான் எனக்குப் புரிஞ்சுது. நான்தான் போட வெச்சேன். என் கையால ஊட்டின மாதிரி."

மகளுக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. கேமரா கெட்டுப்போச்சு என்று டாக்டரிடம் சொன்ன வாயை என்ன செய்வது?

"அதுக்கப்புறமும் மூணாவது தடவை வெச்சிருக்கீங்க. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தப்புறமும்."

"வந்ததும் வராததுமா முதல்ல கேட்டது என்ன தெரியுமா? அவன் வந்துட்டுப் போயிட்டானான்னு."

மேல்மாடியில் யாரோ பாத்திரத்தை நகர்த்தும் சத்தம் கேட்டது. அப்பா குரலைத் தாழ்த்தினார்.

"பாப்பா, மாத்திரை டப்பாவை ஆஸ்பத்திரியிலேயே நீ வாங்கி உன் பையில வெச்சுக்கிட்ட. இனிமே அவ எத்தனாம் தேதில இருந்தா என்ன கெட்டுப்போச்சு? பதினாலு வராம நான் பாத்துக்கறேன். திரும்ப வெச்சுக் குடு."

அவர் கேட்டதில் தப்பு எங்கே என்று மகளுக்கு விரல் வைத்துக் காட்டத் தெரியவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. மயிரிழை தப்பினால் மெழுகை உருக்கிவிட்டு முதலிலிருந்து அடுக்குகிறவள், இங்கே எதை உருக்குவது, எங்கிருந்து அடுக்குவது என்று தெரியாமல் நின்றாள். அவளும் யோக்கியம் இல்லை. அண்ணன் வரவில்லை என்றதும் "அப்ப நானும் அடுத்த வாரம் வரேன்" என்று பதினாலாம் தேதி தன் வீட்டிலேயே தங்கிவிட்டவள்தானே? அந்த நாலு அழுகைக்கும் அப்பா ஒற்றை ஆளாக நின்றிருக்கிறார்.

கேமராவைத் திறந்தாள். மெனுவுக்குள் போனாள். தேதி மின்னியது. இருபத்துமூன்று. கட்டைவிரலை அம்புக்குறியின் மேல் வைத்தாள். ஒருமுறை அழுத்தினாள். இருபத்திரண்டு. இன்னும் ஒன்பது முறை அழுத்த வேண்டும். அவளால் முடியவில்லை. ஒன்றை மறுபடி ஏற்றி இருபத்துமூன்றாக்கிவிட்டு அணைத்தாள்.

"தினமும் என்னால பொய்யில நிக்க முடியாதுப்பா" என்றாள்.

"தினமும் உண்மைல நின்னு பாரு" என்றார் அப்பா.

\*

கதவைத் திறந்தபோது அம்மா சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தாள்.

"சரக்கு வந்தாச்சா?"

கேமராவை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தாள். மூடி இருக்கிறது, பட்டை இருக்கிறது. திரும்பி வந்த சரக்குக்கு முதல் வேலையாக ஒரு படம் எடுக்க வேண்டும். வாசலில் நின்ற அப்பாவையும் மகளையும் ஒரு படம் எடுத்தாள். இரண்டு பேர் முகமும் அதில் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பாவமாக இருக்கிறது.

படத்தைப் பார்த்தாள். மூலையில் ஆரஞ்சு நிறத்தில் இருபத்துமூன்று.

பின்னால் தள்ளினாள். பதின்மூன்று. முன்னால் தள்ளினாள். இருபத்துமூன்று. மறுபடி பின்னால். அடுப்பு, கதவு, காலித் தட்டு. பதின்மூன்று, பன்னிரண்டு.

"பதினாலுக்குப் படம் இல்லை" என்றாள்.

அப்பா சுவரோடு ஒட்டி நின்றார். மகள் மனதுக்குள் தயாரானாள். இதோ வரப்போகிறது. படம் இல்லை, அதனால் நடக்கவில்லை, அதனால் அவன் வரவில்லை. அழட்டும். நானும் கூட உட்கார்ந்து அழுகிறேன். எத்தனை தடவையானாலும் சரி.

ஆனால் அம்மா இருபத்திரண்டு வருடம் சரக்குக் கணக்கு பார்த்தவள். கையிலிருந்த சீட்டை விரித்தாள். தன் கையெழுத்து. மகளின் கையெழுத்து.

"பதிமூணாம் தேதி கேமரா வெளிய போயிருக்கு" என்று விரல் வைத்து நிதானமாகப் படித்தாள். "இருபத்துமூணு திரும்பி வந்திருக்கு. அப்ப பதினாலாம் தேதி கேமரா என் கையில இல்லை."

"அம்மா..."

"அதான் படம் இல்லை." நிமிர்ந்தாள். முகம் பளிச்சென்று மலர்ந்திருந்தது. "அவன் வந்தப்ப கேமரா கடைல இருந்திருக்கு! அப்படித்தானங்க?"

அப்பா மகளைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"ஆமா" என்றார். "வந்தான்."

அம்மா ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தாள். ஒரே ஒரு நிமிடம். அது எப்படி அவள் முகத்தை விட்டு இறங்கியது என்பதை இரண்டு பேரும் நின்று பார்த்தார்கள்.

"வந்தானா?" என்றாள் மெதுவாக. "எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லையே."

அம்மா கேமராவை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"மூணு வருஷம் கழிச்சு வந்திருக்கான். இளைச்சிருந்தானா? என்ன சட்டை போட்டிருந்தான்? என் பக்கத்துல உட்கார்ந்தானா?" நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "அடுப்பை மறக்கறேன், சரி. சாப்பிட்டதை மறக்கறேன், சரி. பெத்த பிள்ளை வந்துட்டுப் போனதை மறப்பேனாங்க? நான் என்ன மனுஷி?"

"இந்தாம்மா, விடு..." என்று கையை நீட்டினார் அப்பா.

அம்மா அவரை விட்டுவிட்டு மகளிடம் திரும்பினாள்.

"உங்கப்பா என் மனசுக்காக எதையாவது சொல்லுவாரு. நீ அப்படிச் சொல்ல மாட்ட. நீயும் அன்னைக்கு இருந்தியா?"

"இருந்தேம்மா."

"எனக்கு அவனை அடையாளம் தெரிஞ்சுதா?"

பத்து நிமிடத்துக்கு முன்னால் படிக்கட்டில், பொய்யில் நிற்க முடியாது என்று சொன்ன அதே வாய்.

"தெரிஞ்சுதும்மா. வாசல்லயே 'வாடா'ன்னு கூப்பிட்டியே."

அம்மா அவள் முகத்தை வெகு நேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, சீட்டைத் திருப்பிப் போட்டு, பேனாவைத் திறந்து எழுதினாள். 14-ந் தேதி. பெரியவன் வந்தான். அடையாளம் தெரிந்தது. படம் இல்லை.

எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தாள். மகளிடம் நீட்டினாள். மகள் கையெழுத்துப் போட்டாள்.

இதோடு முடிந்தது என்று அப்பா நினைத்தார். சமையலறைக்குப் போய் வெந்நீர் ஆற்ற ஆரம்பித்தார். மகள் முகத்தைத் துடைக்கக் கைக்குட்டை தேடினாள். சரக்கு போனால் போய்ச் சேர்ந்ததா என்று கேட்காமல் அம்மா ஒரு நாளும் கணக்கை மூடியதில்லை என்பது இரண்டு பேருக்கும் அந்த நேரத்தில் தோன்றவில்லை.

மேஜையில் பெரிய பெரிய எண்களோடு ஒரு போன் உண்டு. ஒன்றை அழுத்தினால் பெரியவன், இரண்டை அழுத்தினால் மகள். அப்பாவே செய்து வைத்த வசதி. காது சரியாகக் கேட்காதவளுக்காக, பேசுவது அறை முழுக்கக் கேட்கும்படி வைத்திருந்தார்.

அம்மா ஒன்றை அழுத்தினாள்.

மணி அடிக்கும் சத்தம் கேட்டு அப்பா டம்ளரோடு ஓடிவந்தார். மகள் கையை நீட்டினாள். அதற்குள் எடுத்துவிட்டான்.

"சொல்லும்மா" என்றான் பெரியவன். பின்னால் ஏதோ ஆபீஸ் சத்தம்.

"ஏம்ப்பா, போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பண்ண மாட்டியா?" என்றாள் அம்மா. "நல்லபடியா போய்ச் சேர்ந்தியா?"

அந்தப் பக்கம் ஒரு கதவு மூடி, ஆபீஸ் சத்தம் அடங்கியது.

"எங்கேர்ந்தும்மா?" என்றான் அவன்.